அடுக்களைக்கும் கடலுக்கும் எத்தனை அடி

கடலைக் காட்டிக் காசு கேட்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கடல் சும்மா கிடப்பது. எங்கள் வீட்டு அடுக்களைக் கதவைத் திறந்தால் கிடக்கும், மூடினால் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு யாரும் வாடகை கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவர் எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒருவர். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாகவும் இருந்தார். டீ இடைவேளையில் பாரங்களும் கார்பன் தாளும் கொண்ட தோல்பையோடு மெஷின் மெஷினாக வருவார்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரகடம் பக்கம் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. நான் டிப்ளமோ முடித்துவிட்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து சேர்ந்தவன். அப்பா உப்பளத்தில் வேலை செய்து, அங்கேயே வெயிலில் சாய்ந்து போனவர். அக்காவை சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஊரில் அம்மா மட்டும் பனையோலை வேய்ந்த வீட்டில் இருந்தாள். அந்த ஓலையை எடுத்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது வாழ்க்கை லட்சியம். பெரிய லட்சியம் ஒன்றுமில்லை. என் கூட இருந்த எல்லாருக்கும் அதேதான்.

பேங்கில் கடன் கிடைத்தது. வீடு எழும்பியது. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் பேங்க் குமாஸ்தா, வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் பேப்பர் கொண்டு வா என்றார். அதற்காகத்தான் நான் ஸ்டோர்ஸ்காரரிடம் போனேன்.

அவர் படப்பைக்காரர், நிதானமான மனிதர். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, நான் சொல்லச் சொல்லத் தனியாக ஒரு சீட்டில் குறித்துக்கொண்டே வந்தார். சுவர் என்ன, கூரை என்ன, எத்தனை அறை. பிறகு, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்றார். அடுக்களைப் படியிலிருந்து நூறு எண்ணுவதற்குள் காலை நனைத்துவிடலாம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் ரேட் வேறு என்றார். புயல், வெள்ளம் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கும் மேல், ஆபத்தான இடம் என்று ஒரு தொகை. ஆள் வந்து பார்த்து அளந்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் கூட்டிச் சொன்ன தொகை, உள்ளே தள்ளி இருக்கிற வீட்டுக்கு ஆவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அங்கே இருக்கிறோம், ஒரு நாளும் கடல் வீட்டுக்குள் வந்ததில்லை என்று சத்தமாகவே சொன்னேன்.

"உன் தாத்தாவ எனக்கே தெரியாது. கம்பெனிக்கு எப்டிப்பா தெரியும்?" என்றார் அவர்.

பாரத்தை நானே நிரப்பிக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வல்லம் வடகாலில் ஒரு விதவை அம்மா தன் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அறைக்கு நாலு பேர், அநேகமாக எல்லாரும் தெற்கத்திப் பையன்கள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் நாலு பேருக்கு இரண்டு பாய் போதும். ஓனரம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். இருபத்து நாலு பேருக்கும் ஒரே முகவரி, ஓனரம்மா வீட்டுக் கதவு எண். பேங்க் கணக்கு, பி.எஃப்., டூவீலர் லைசென்ஸ், பெண் பார்க்கக் கொடுக்கும் ஜாதகக் குறிப்பு, எல்லாவற்றிலும் அந்த எண்தான். தபால்காரர் அத்தனையையும் அவர் ஜன்னலில் செருகிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒவ்வொரு அறையாக வந்து, பெயரைக் கேட்டுக் கேட்டுக் கொடுப்பார். பாரம் என்று ஒன்று கைக்கு வந்து, அதில் முகவரி என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் போதும், எங்கள் கை தானாக அந்த எண்ணை எழுதிவிடும்.

இன்ஷூரன்ஸ் பாரத்தில் முகவரி இரண்டு இடத்தில் கேட்டிருந்தார்கள். ஒன்று, எனக்குக் கடிதம் போட. இன்னொன்று, வீடு இருக்கும் இடம். முதல் இடத்தில் வல்லம் வடகால் என்று எழுதினேன். இரண்டாவது இடத்துக்கு வந்தபோது கை அதே வேகத்தில் அதே எண்ணை எழுதிவிட்டது. எழுதி முடித்துவிட்டுத்தான் பார்த்தேன். அதுவரை நடந்தது பிசகு. அடித்துவிட்டுத் திருத்தி எழுதப் பேனாவை வைத்தேன், வைத்த பேனாவை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது பிசகு இல்லை. கீழே, கடலிலிருந்து தூரம் என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று அழகாக எழுதினேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்காமலே மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஸ்டோர்ஸ்காரர் பாரத்தை மேலும் கீழும் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். அவருக்கு அந்த மாதம் எத்தனை பாலிசி பிடிக்க வேண்டியிருந்ததோ, ஒன்றும் சொல்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். பேங்க் குமாஸ்தா முதல் பக்கத்தில் என் பெயரையும் தொகையையும் மட்டும் சரிபார்த்துவிட்டுக் கோப்பில் சேர்த்தார். கடைசித் தவணை வந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தோம்.

பாலிசியின் நகல் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்றால், பெருமைதான், வேறென்ன. எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் மளிகைக் கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, இந்தப் பேப்பரைப் பத்திரமாக வைத்துக்கொள், வீட்டுக்கு என்ன ஆனாலும் இந்தப் பேப்பர் இருந்தால் கம்பெனிக்காரன் மறுபடி கட்டித் தருவான் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் அப்படியே சொன்னேன். இன்றைக்கும் என் குரலோடு சேர்த்து ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். அது இங்கிலீஷ் பேப்பர். எங்கள் தெருவில் அதை வாசிக்க ஆள் கிடையாது. ஆனால் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள். மகன் வீட்டுக்கு இன்ஷூர் போட்டிருக்கிறான் என்று, பேரப்பிள்ளை பிறந்ததைச் சொல்வது போல அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

இதில் எனக்கு ஒரு விஷயம் மெதுவாகத்தான் தெரிந்தது. அம்மா வழக்கமாக ஐப்பசி பிறந்ததும் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு சாத்தான்குளத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். கார்த்திகை முடிந்து மழை வெறித்த பிறகுதான் திரும்புவாள். ஓலை வீட்டில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான். அந்த வருஷம் போகவில்லை. கான்கிரீட் வீடு என்பதால் இருக்கும் என்று நினைத்தேன். அக்கா போன் பண்ணி, நீயாவது சொல்லேண்டா, கூப்பிட்டால் வீட்டுக்குத்தான் இன்ஷூர் இருக்கே என்கிறாள் என்றாள். வீட்டுக்குத்தானே இருக்கிறது, உனக்கா இருக்கிறது என்று அக்காவே கேட்டிருக்கிறாள். வீடு இருந்தால் நான் இருப்பேன் என்றாளாம் அம்மா. சுவருக்கும் இல்லாத, ஆளுக்கும் இல்லாத ஒரு காகிதத்தை நம்பி அவள் அங்கே இருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மழைக்காலம் ஒன்றும் ஆகாமல் போனது. நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஜன்னலில் செருகிய கட்டிலிருந்து ஓனரம்மாவின் மருமகன் அதை எடுத்திருக்கிறார். கவரில் கட்டிடப் படம் போட்டிருந்ததால் பிரித்தும் பார்த்திருக்கிறார். உள்ளே, சொத்து என்ற இடத்தில் மாமியார் வீட்டுக் கதவு எண். சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயர்.

அந்த நாட்களில் வல்லம் பக்கம் எவன் பையோடு நடந்தாலும் நில புரோக்கர்தான். கம்பெனிகளுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, இல்லாத பட்டாவெல்லாம் முளைத்துக்கொண்டிருந்தது. ஓனரம்மா வீட்டிலேயே கொழுந்தன் ஒருவன் கள்ளக் கையெழுத்துப் போட்டு ஒன்றே கால் ஏக்கரை விழுங்கியிருந்தான். அப்படிப்பட்ட ஊரில், வாடகைக்கு இருக்கிற பையன் பெயரில் வீட்டுப் பேப்பர் வந்தால் என்ன ஆகும்? நான் முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது அறை வாசலில் ஓனரம்மா, மருமகன், பக்கத்துத் தெரு வார்டு மெம்பர் எல்லாரும் நின்றார்கள். சிரித்த முகம் ஒன்றுகூட இல்லை.

"இன்னா தம்பி இது? என் வூட்டுக்கு உன் பேரு எப்டி வந்துது?" என்று கேட்டார் ஓனரம்மா. குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

நான் முதலில், கம்பெனிக்காரன் தப்பாக அடித்துவிட்டான் என்று ஆரம்பித்தேன். மருமகன் நம்பவில்லை. வார்டு மெம்பர் போலீஸ் ஸ்டேஷன் என்ற சொல்லை எடுத்தார். உடனே நடந்ததை நடந்தபடி ஒப்பித்தேன். கடல், மூன்று மடங்கு, கை தானாக எழுதியது, பிறகு கை தானாக எழுதாதது, எல்லாம். சொல்லச் சொல்ல மற்ற அறைப் பையன்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மருமகனும் சிரித்துவிட்டார். உன் கஞ்சத்தனத்தால் எங்கள் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடைத்ததே, நாங்கள் அல்லவா உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வார்டு மெம்பர் கிண்டலடித்தார்.

ஓனரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கணக்கு வேறு பக்கம் போயிருந்தது.

"அப்போ உங்கம்மா வூட்டுக்கு இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அந்தம்மாவுக்கு அது தெரியுமா?"

தெரியாது என்றேன். போய்ச் சொல்லு, மொதல்ல சொல்லு, அப்புறம் கட்ட வேண்டியதக் கட்டு என்றார். இனி என் வீட்டு நம்பர் அதில் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். வாடகை ஏற்றவில்லை, காலி பண்ணச் சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிய கடாட்சமாக இருந்தது.

ஸ்டோர்ஸ்காரரிடம் போனேன். பழையதில் இடத்தை மாற்ற முடியாது, பொய் சொன்னோம் என்று நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகும், விட்டுவிட்டுப் புதிதாகப் போடு என்றார். புதிதுக்கு ஆள் வந்து அளக்க வேண்டும். தொகை முன்பைவிடக் கூடியிருந்தது. தீபாவளி போனஸ் வந்ததும் போட்டுவிடுகிறேன் என்றேன். போனஸ் வந்தது, அதற்குள் அக்கா பிள்ளைக்குக் காது குத்து வந்தது, தாய்மாமன் சீர் வந்தது. சரி, தை பிறக்கட்டும் என்றேன். அம்மாவிடம் சொல்வதையும் அதோடு சேர்த்துத் தள்ளிப்போட்டேன். புதிது போட்டுவிட்டால் பழையதைச் சொல்லவே வேண்டாமே என்ற எண்ணம்தான். தை வரைக்கும் கடல் பொறுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கார்த்திகை நடுவில் ஒரு நாள் மத்தியானம், லைனில் நின்றுகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து, உன் வீட்டிலிருந்து போன் வந்ததாம், வாசலில் ஆள் நிற்கிறது என்றார். ஊர் மளிகைக் கடைக்காரர் ஓனரம்மா வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறார். ஓனரம்மா தன் மருமகனை ஸ்கூட்டரில் கம்பெனி வாசலுக்கே அனுப்பியிருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உயிருக்கு ஒன்றுமில்லை என்று மருமகன் சொன்னார். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, ரயில் பிடித்துச் செங்கல்பட்டு போய், தெற்கே போகிற முதல் பஸ்ஸில் ஏறினேன். உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்போது வேறு எதற்கு என்ன என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்.

நடந்ததை அக்காதான் சொன்னாள். இரண்டு நாள் மழை, பெருங்காற்று. கடல் பொங்கிப் பின்பக்கத் தெரு முழுக்கத் தண்ணீர். தெருக்காரர்கள் அம்மாவையும் சேர்த்து எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அங்கே கஞ்சி காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். அம்மா கஞ்சியைக் கையில் வாங்கிவிட்டு, அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். பேப்பரை எடுக்கவில்லையே என்றாளாம். பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். கொல்லைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் தனியாக வீட்டுக்குப் போயிருக்கிறாள். பெட்டியைத் திறந்து பேப்பரை எடுத்துக்கொண்டு அடுக்களை வழியாக வெளியே வரும்போது பின்சுவர் சாய்ந்தது. சுவர் அவள் மேல் விழவில்லை. விலகப் போய்ப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

நான் பார்த்தபோது அவள் பெரியாஸ்பத்திரி வார்டில் காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டிருக்கப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பால் கவர், அதற்கு மேல் ஜவுளிக்கடைப் பை, அதற்கு மேல் உரச்சாக்குத் துண்டு, அதைச் சுற்றி சணல்.

"எய்யா, பிரிச்சிப் பாரு. ஒரு எழுத்து அழியலல்லா?"

பிரித்தேன். ஒரு எழுத்து அழியவில்லை. வல்லம் வடகால், கதவு எண், காஞ்சிபுரம் மாவட்டம், எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மிகையாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அவர்களிடம், எம் மவன் போட்ட பேப்பரு, இருங்க வாசிப்பான் என்றாள். வாசிக்கச் சொன்னாள்.

நான் வாசித்தேன். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. வீடு இருக்கும் இடம் என்று வந்ததும் எங்கள் ஊர்ப் பெயரையும் தெருவையும் சொன்னேன். திக்கவில்லை, தடுமாறவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஆமா ஆமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த பிறகு ஸ்டோர்ஸ்காரர், அந்தப் பேப்பரை வைத்து எதையும் தோண்டாதே, பேங்க் வரைக்கும் போய் நாறிவிடும் என்று மட்டும் சொன்னார். நான் தோண்டுவதற்கு என்ன இருக்கிறது. பி.எஃப்.பில் கடன் எடுத்தேன். கிடைத்த ஓ.டி.யெல்லாம் பார்த்தேன். அடுக்களையும் பின்சுவரும் பழையதைவிட உறுதியாக எழுந்தன. இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஓனரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை தபால் கொடுக்க வந்தபோது, சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சொன்னா இன்னா ஆவும்?"

"அம்மா கால் சும்மா போச்சுன்னு ஆகும்."

அவர் மற்றவர்களின் கடிதங்களை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அப்புறம் எப்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மாவுக்கு எலும்பு கூடியது, ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடந்தாள். அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. தெருவில் யாராவது, அந்தத் தண்ணியில போயி இப்படி ஆக்கிக்கிட்டியே மைனி என்று இரக்கப்பட்டால் அவளுக்குப் பிடிக்காது. நான் மட்டும் அன்னைக்கிப் போயி எடுக்கலன்னா இந்தச் சுவரு ஏது, வீடு ஏது என்பாள். அந்தக் காலைக் கொடுத்துத்தான் வீட்டை வாங்கினேன் என்பது அவள் கணக்கு. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கேட்டேன். அந்தக் கணக்கில் நான் கை வைத்தால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

சரியான பாலிசி போட எனக்கு மேலும் ஒரு வருஷம் ஆனது. ஆழிப்பேரலை வந்தது அதற்கெல்லாம் பிறகு. எங்கள் ஊரை அது அதிகம் தொடவில்லை, நான் எழுதுவது அதைப் பற்றி அல்ல. இந்த முறை பாரத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டு நிரப்பினேன். வீடு இருக்கும் இடம், எங்கள் ஊர். கடலிலிருந்து தூரம், அளந்து எழுதவும். இந்த வீட்டுக்கு முன்பு இழப்பீடு பெற்றதுண்டா என்ற கேள்விக்கு, இல்லை. ஒவ்வொன்றும் சத்தியம். அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டபோது பாவமன்னிப்பு வாங்கியவன் போல மூச்சு விட்டேன்.

அளப்பதற்கு தூத்துக்குடியிலிருந்து சர்வேயர் வருவதாகச் சொன்ன நாளுக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். நடுத்தர வயது, வெயிலில் கறுத்த முகம், பைக்கில் வந்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து அடுக்களைச் சுவரில் பிடிக்கச் சொல்லிவிட்டு மணலில் நடந்தார். அலை ஏறிய தடம் இருக்கிற இடத்தில் குத்தவைத்துப் பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். இது புதுச் சுவர் போலிருக்கிறதே என்றார். மழையில் விழுந்தது, நான் கட்டினேன் என்றேன். அதுவும் சத்தியம்தான். ரேட் கூடத்தான் வரும், ஆனால் எடுத்துக்கொள்வார்கள் என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் டம்ளர். நான் எழுந்தபோது, உக்காரு, நான் குடுக்கணும் என்றாள். அவர் கையில் கொடுத்துவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"போன தடவ நீங்க குடுத்த ரூவாயிலதான்யா இந்தச் சுவரு. நல்லா இருப்பீங்க."

சர்வேயர் டம்ளரைக் கீழே வைத்தார். என்ன ரூபாய் என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பள்ளிக்கூடம், கஞ்சி, பெட்டி, பேப்பர், படி. காலைக்கூடச் சேலையைச் சற்றே விலக்கிக் காட்டினாள். நான் மட்டும் போயி எடுக்கலன்னா இந்த வீடு ஏது என்று முடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாரத்தின் பக்கத்தைத் திருப்பி விரலை ஒரு வரியில் வைத்தார்.

இழப்பீடு வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே என்றார் என்னிடம். வாங்கியிருந்தால் தொகை இன்னொரு படி ஏறும், வருஷா வருஷம் அப்படியேதான் வரும், மறைத்தது தெரிந்தால் பாலிசியே நிற்காது என்றும் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவரை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் எழுந்து வெளியே கூப்பிட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள். அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு பதிலும் எனக்குத் தெரிந்தன. ஒன்று உண்மை, அதைச் சொன்னால் அவள் கால் போகும். மற்றது, ஆயுசுக்கும் கட்டுவது.

"வாங்கினோம் சார். எழுதும்போது விட்டுப்போச்சு" என்றேன்.

அவர் 'இல்லை' என்பதை அடித்து, மேலே 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். அவர் முகத்தில் என்ன பார்த்தாளோ, அம்மா எனக்காக அவரிடம் பரிந்து பேசினாள்.

"அவன் பொய் சொல்லத் தெரியாதவன்யா. மறந்திருப்பான்."

சர்வேயர் தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.